லாப்ஸாகப் போகும் முப்பதாயிரம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் உந்துவண்டி தள்ளும் ஆறுச்சாமிக்கு உலகத்தில் இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, டாக்டர் கையில் கத்தி. இன்னொன்று, ரேஷன் கடையில் லாப்ஸ்.

லாப்ஸ் என்றால் அந்த வாரத்துப் பங்கை அந்த வாரமே வாங்காமல் விட்டுவிடுவது. விட்டால் போயிற்று, அடுத்த வாரம் சேர்த்துக் கேட்க முடியாது. ஆறுச்சாமி தன் பெயரில் ரேஷன் கார்டு வந்த நாளிலிருந்து ஒரு மணி கோதுமையைக்கூட லாப்ஸாக விட்டதில்லை. அந்த வீட்டில் கோதுமை யாருக்கும் இறங்காது என்பது வேறு விஷயம். மகன் ஷாஜியின் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்த கையோடு மாப்பிள்ளையின் அப்பாவைக் காணோம் என்று சம்பந்தி வீட்டார் பதறிப்போய்த் தேடினார்கள். மனிதர் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ரேஷன் கடை விஸ்வேஸ்வரன் சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போது ஒரு கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டேதான் இறக்குவார். ஆறுச்சாமி வந்துவிடுவார் என்று தெரியும்.

கத்தி சமாசாரம் வேறு. அதை முழுதாக அறிந்தவள் அவர் மனைவி ராக்கம்மாள் ஒருத்திதான்.

மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் ஏற்றி இறக்கி, ஆறுச்சாமிக்கு வலது அடிவயிற்றில் ஒரு வீக்கம் இறங்கியிருந்தது. காலையில் எலுமிச்சம்பழ அளவில் இருக்கும். சாயங்காலம் மாம்பழ அளவுக்கு வந்துவிடும். படுத்துக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே போகும். ஒருமுறை ராக்கம்மாள் அவரை இருமலுக்கு மருந்து வாங்கலாம் என்று பொய் சொல்லி தர்ம ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல் இறங்கியிருக்கு. ஒருநாள் மாட்டிக்கிட்டு உள்ள போகலைன்னா உசிருக்கே ஆபத்து. இங்க அதுக்கு வசதியில்ல, செலவானாலும் வெளியே ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றார். அன்றிலிருந்து ஆறுச்சாமி அந்தத் தெரு வழியாக வண்டி தள்ளுவதையே விட்டுவிட்டார்.

வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் சொந்த ஊர்ப்பக்கம் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் அவருடைய அண்ணன் இதே இறக்கத்துக்குத்தான் படுத்தார். பீடியை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனவரைத் துணி போர்த்தி வெளியே கொண்டுவந்தார்கள். வாசலில் நின்றவர் ஆறுச்சாமி. அதை அவர் யாரிடமும் பேசமாட்டார். யாராவது ஆபரேஷன் என்று வாயெடுத்தால் எழுந்து போய் முகம் கழுவுவார். ராக்கம்மாளுக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும். அவர் இல்லாமல் போய்விடுவார் என்ற பயம் அவளை எந்நேரமும் விடவில்லை.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்து ஒன்பதில் இன்ஷுரன்ஸ் கார்டு வந்தது.

வார்டு வாலண்டியர் பாக்கியலக்ஷ்மி லைன் வீடுகளின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து விளக்கினாள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற குடும்பத்துக்கு ஒரு கார்டு. இன்ஷுரன்ஸ் கம்பெனிக்கு வருஷா வருஷம் கட்டவேண்டிய பிரீமியத்தை அரசாங்கம் கட்டும். நாம் முப்பது ரூபாய் கொடுத்தால் போதும். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுத்தால் வருஷத்துக்கு முப்பதாயிரம் ரூபாய்வரை அந்தக் கார்டிலேயே கழிந்துவிடும்.

"அந்த முப்பதாயிரத்தைக் கையில தருவாங்களா?" என்று கேட்டான் ஆறுச்சாமியின் கூட்டாளி ஒச்சப்பன்.

"தரமாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்."

"ஆளுக்கு முப்பதா, மொத்தமா முப்பதா?"

"குடும்பத்துக்கு மொத்தமா முப்பது. யாருக்கு வேணுமோ அவங்க எடுத்துக்கலாம். ஆனா ஒரு கார்டுல அஞ்சு பேருக்குத்தான் எடம்."

ராக்கம்மாளின் காது அங்கே நின்றது. அவர்கள் ரேஷன் கார்டில் ஆறு பெயர். அவள், ஆறுச்சாமி, ஷாஜி, மருமகள் மஞ்சுஷா, பேரன் அஜீஷ், பிறகு மகள் ஜிஷா. ஜிஷாவுக்குப் போன மாசம்தான் வைப்பின் தீவில் கல்யாணம் ஆகியிருந்தது. பெயரை இன்னும் வெட்டவில்லை.

ராக்கம்மாள் வாயைத் திறப்பதற்குள் ஆறுச்சாமி எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என் பேரை வெட்டிருங்க" என்றார்.

லைனே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, ஜிஷாவைத்தான் கட்டிக்கொடுத்தாச்சே" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"கட்டிக்கொடுத்தா பெத்த பொண்ணு இல்லைன்னு ஆயிருமா? நான் உசிரோட இருக்கறவரைக்கும் இந்த வீட்டுல அவ பேரை எவனும் வெட்டப்படாது. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். சின்னஞ்சிறுசுங்க நல்லா இருக்கட்டும்."

அடேயப்பா! அங்கே இருந்த பெண்களுக்கெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கண்ணில் படலம் மூடிய முப்பிடாதிக் கிழவி மூடாத கண்ணால் அழுதாள். மனிதன் என்றால் இவரல்லவா மனிதன் என்று தங்கள் தங்கள் புருஷன்மாரை முறைத்தார்கள். ராக்கம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவள் விம்முகிறாள் என்று நினைத்து மற்றவர்கள் இன்னும் உருகினார்கள்.

அவளுக்கு உள்ளும் புறமும் தெரியும். மகள் பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். கார்டில் பெயர் இல்லாவிட்டால் ஆபரேஷனுக்கு வழி கிடையாது. வழி கிடையாதென்றால் கத்தி கிடையாது. இவ்வளவு மலிவாக ஒரு மனிதருக்குத் தியாகி பட்டம் வேறெங்கும் கிடைக்காது.

அன்று முதல் ஆறுச்சாமியின் நடையே மாறிவிட்டது. சாயாக் கடையில் காசு வாங்க மறுத்தார்கள். ஏலூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலிக்குப் போகிற ஷாஜிகூட, "அப்பா, என் பேரை வெட்டிக்கிடலாம்பா" என்று கெஞ்சிப் பார்த்தான். "போடா, நீ பிள்ளகுட்டிக்காரன்" என்று தட்டிவிட்டார். ராக்கம்மாள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. பேசினால் அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார். நன்றாக ஊதட்டும், ஊதின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் சுக்கு தரம் பிரிக்கப் போகாமல் ஒருநாள் வள்ளம் ஏறி வைப்பினுக்குப் போய்வந்தாள். மகளைப் பார்க்கப் போனதாகச் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கார்டு எடுக்கிற காம்ப் நடந்த அன்று கூட்டமான கூட்டம். ஒரு மேஜையில் கம்ப்யூட்டர், அதன்மேல் ஒரு சின்ன கேமரா, பக்கத்தில் கட்டைவிரல் வைக்கிற மெஷின். மஞ்சுஷா அஜீஷுக்குப் பவுடரை அப்பிக் கூட்டிவந்திருந்தாள். ஆறுச்சாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலருகே நின்று, வருகிறவர்களின் கும்பிடுகளை வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஆறுச்சாமி குடும்பம்!" என்று மேஜைக்காரப் பையன் கூப்பிட்டான். "ஆறு பேர் இருக்கே. யாரை விடணும்?"

"என்னை" என்றார் ஆறுச்சாமி, கூட்டம் முழுதும் கேட்கும்படி.

"இல்ல தம்பி, ஜிஷாவை விட்டுருங்க" என்றாள் ராக்கம்மாள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெற்ற தாயா இப்படிப் பேசுகிறாள் என்று ஒருத்தி வாய்விட்டே சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஜிஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் கையில் ஒரு புத்தம்புதுக் கார்டு பளபளத்தது.

"அப்பா, எனக்கு மாமியார் வீட்டுக் கார்டுல போன வாரமே எடுத்தாச்சு. வைப்பின் காம்புல. அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்கள்லா. இனி எனக்கு ரெண்டு கார்டுல எடம் தரமாட்டாங்க. நீங்க எனக்காக எடத்த விட்டீங்கன்னு அங்க எல்லாரும் அழுதுட்டாங்கப்பா. பேசாம போய் ஒக்காருங்க."

ஆறுச்சாமி மகளைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். பிறகு ராக்கம்மாளைப் பார்த்தார். அவள் கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தர்மம் செய்தவருக்குத் தெய்வமே இடம் பிடித்துக்கொடுத்துவிட்டது என்றார்கள். நான்கு பேர் அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போட்டோ எடுத்தாயிற்று. கட்டைவிரலை வைத்தால் மெஷின் எடுக்கவில்லை. வண்டிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ரேகையெல்லாம் தேய்ந்திருந்தது. ஆறுச்சாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மெஷினே வேண்டாங்குது. விட்டுருங்கப்பா" என்று எழப் பார்த்தார்.

ராக்கம்மாள் அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். சேலைத் தலைப்பை நனைத்து, பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்தேய் என்று தேய்த்தாள். திரும்ப வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறுச்சாமியின் முகம் போட்ட கார்டு சுடச்சுட வெளியே வந்தது. போட்டோவில் அவர் தூக்குமேடைக்குப் போகிறவர் போல இருந்தார்.

கார்டு வந்துவிட்டது என்று ராக்கம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டது தப்பாகப் போயிற்று. ஆறுச்சாமி அதை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு, மேலே பழைய துணியை அடுக்கினார். "நோய் வந்தா பாத்துக்கலாம்" என்றார். நோய் அவர் வேட்டி முண்டுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. மாதங்கள் போயின. ஜூன் மாத மழையில் ஒருநாள் பஜார் ரோட்டு நடுவே வண்டியை விட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டார். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஒச்சப்பன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். என்ன ஆயிற்று என்று ராக்கம்மாள் பதறினாள்.

"வெயிலு" என்றார் ஆறுச்சாமி. கூரையில் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதும் பார்த்தாள், கும்பிட்டும் பார்த்தாள், மஞ்சுஷாவை விட்டுச் சொல்லவைத்தும் பார்த்தாள். மனிதர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவரிடம் நேர்வழி உதவாது என்பது தெரிந்தும் நேர்வழியில் போன தன் புத்தியை நொந்துகொண்டாள்.

கார்டு முடிய ஒரு மாதம் போல இருக்கும்போது பாக்கியலக்ஷ்மி அடுத்த வருஷத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி வந்தாள். ஆறுச்சாமி கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராக்கம்மாள் அவளுக்குச் சாயா கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"அப்பம் இந்தக் கார்டு என்னாவும் பாக்கியம்?"

"இது தீந்துபோவும்க்கா. திரும்பவும் புதுசாத்தான்."

"இதுல இருக்க முப்பதாயிரம்?"

"எடுக்கலைன்னா போச்சு. அடுத்த வருசத்தோட சேராது."

"போச்சுன்னா?" ராக்கம்மாள் குரலைக் கொஞ்சம் ஏற்றினாள். "லாப்ஸா?"

"லாப்ஸ்தான்."

ஆறுச்சாமியின் கையில் இருந்த கப்பைத் துண்டு வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"முப்பதாயிரம் லாப்ஸா?" என்றார். "எவன் எடுத்துட்டுப் போவான் அத?"

"யாரும் எடுக்கறதில்லைண்ணே. இன்ஷுரன்ஸ் கம்பெனியிலயே இருக்கும். இது ரேஷன் மாதிரி இல்ல. நோய் வந்தவங்களுக்குத்தான். வராமப் போனா நமக்குச் சந்தோசம்தானே?"

"என்ன பேச்சு பேசுத? பங்குன்னா பங்குதான். நம்ம பேருல வந்தத கம்பெனிக்காரன் தின்னுட்டுப் போறதா?"

அந்த மனிதரிடம் யார் போய் விளக்குவது? பாக்கியலக்ஷ்மி வாயைத் திறந்தாள். ராக்கம்மாள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவள் சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ராக்கம்மாள் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஆறுச்சாமி மறுநாளே புறப்பட்டார். ஆஸ்பத்திரிக்கு அல்ல, லைனில் வீடு வீடாக. "ஒன் கார்டுல எடுத்தியா? எடுக்கலையா? லாப்ஸாவப் போவுதுடா பாவி!" என்று கதவைத் தட்டினார். யார் யாருக்கு என்ன நோய் என்று அவருக்கு அத்துப்படி. முப்பிடாதிக் கிழவியைப் பஸ்ஸில் ஏற்றிக் கண் ஆபரேஷனுக்கு அனுப்பிவைத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுத் திரும்பி வந்த கிழவி, வீடு இவ்வளவு அழுக்காகவா இருக்கிறது என்று அன்றே மருமகளோடு சண்டைக்கு நின்றாள். வருஷக்கணக்காகச் சாயாக் கடையில் நின்றுகொண்டே குடித்த ஒச்சப்பனை மூலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவன் திரும்பிவந்து எல்லாரும் பார்க்க பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்தான். ஆறுச்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அண்ணே, ஒங்க பங்கு எடுத்தாச்சா?" என்று ஒச்சப்பன் கேட்டான்.

"எனக்கு என்ன நோய்? கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். சொல்லும்போது ஒரு கை முண்டின்மேல் அழுத்தியிருந்தது.

இனி ஒரே ஒரு ஆளால்தான் முடியும் என்று ராக்கம்மாளுக்குப் பட்டது. அந்தச் சனிக்கிழமை பகலில் அவள் ரேஷன் கடைக்குப் போய் விஸ்வேஸ்வரனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தாள். சாயங்காலம் ஆறுச்சாமி மண்ணெண்ணெய்க் கேனோடு போனார். விஸ்வேஸ்வரன் நிதானமாக ஊற்றினார். பத்து இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"எந்தா ஆறுச்சாமி, ஒன்னோட பங்கு ஒண்ணு லாப்ஸாவப் போகுந்நு கேட்டேன். சரியாணோ?"

"யாரு சொன்னா?"

"ஊரெல்லாம் பறையுதே. இத்தன வருசமா நானும் காத்திருக்கேன், என் கடையில ஒருநாளும் நடக்கலை. கடைசில முப்பதாயிரமா விட்டுட்டே. சாரமில்ல, எல்லா மனுஷனுக்கும் தப்பு பற்றும்." அவர் பெரிய மனது பண்ணி ஆறுச்சாமியின் தோளைத் தட்டினார்.

வரிசை சிரித்தது. ஆறுச்சாமி கேனை மூடாமலே வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் மண்ணெண்ணெய் சிந்தியது.

மறுநாள் காலையில் அவருக்குத் திடீரென்று மயக்கம் வந்தது. கிறங்கி விழுவதற்கு முன்னால் பாயை விரித்து, தலையணையைச் சரியாகப் போட்டுக்கொண்டு விழுந்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. ரெண்டு நாள் படுத்து குளுக்கோஸ் ஏத்துனா சரியாயிரும்" என்று மயக்கத்திலேயே சொன்னார். டிரங்குப் பெட்டியில் கார்டு எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் மயக்கத்திலேயே சொன்னார். கத்தியும் படக்கூடாது, பங்கும் போகக்கூடாது. அந்த மனிதர் ராவெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு யோசித்த யோசனை இது.

ராக்கம்மாள் மறுபேச்சுப் பேசாமல் ஆட்டோ பிடித்தாள்.

தோப்பும்படிப் பக்கத்தில் கார்டை ஏற்றுக்கொள்கிற ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் ஸுப்ரியா பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், சிரித்த முகம். நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள், கண்ணை இழுத்துப் பார்த்தாள்.

"மாமா, ஒங்களுக்கு மயக்கமே இல்லையே. எதுக்கு அட்மிட் பண்ணணும்? காரணமில்லாம படுக்கவெச்சா கார்டுல கழிக்க முடியாது."

"குளுக்கோஸ் மட்டும் ஏத்தப்பிடாதா? ரெண்டு நாளைக்கு? நான் சும்மாத்தான் படுத்திருப்பேன். ஒரு தொந்தரவும் தரமாட்டேன்."

"இதென்ன லாட்ஜா?"

ராக்கம்மாள் மெதுவாக முன்னால் வந்தாள். "டாக்டரம்மா, அந்த முண்டைக் கொஞ்சம் தளத்திப் பாருங்க. வலது பக்கம்."

"ஏட்டி!" என்று அலறினார் ஆறுச்சாமி. இரண்டு கையாலும் முண்டைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஒரு கையை விலக்க, ராக்கம்மாள் மறு கையை விலக்கினாள்.

ஸுப்ரியா பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. விரலால் அழுத்தியும் வீக்கம் முழுதாக உள்ளே போகவில்லை.

"இதை வெச்சுண்டா மூட்டை தூக்கறேள்? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ராத்திரியோட ராத்திரியா தூக்கிண்டு வந்திருப்பா. அப்போ நான் என்ன பண்ணியும் பிரயோஜனம் இருந்திருக்காது. இதுக்குக் கார்டு செல்லும். நாளைக்கே பண்ணிடலாம்."

ஆறுச்சாமி முகம் கழுவ எழுந்திருக்கவில்லை. ராக்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கு ராக்கு" என்றார். "அண்ணன் முகம்தான் கண்ணுல நிக்குது. சிரிச்சுட்டேல்லா போனான்."

இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவர் அதை வாயால் சொன்னார். ராக்கம்மாளுக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் பயம்தான். நீங்க இல்லாமப் போனா நான் என்ன செய்வேன்னு பயம். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அவன் தின்னுட்டுப் போறதுக்கு நாமளே எடுத்துரலாம்" என்றார். கம்பெனிக்காரனைத்தான் சொன்னார்.

மறுநாள் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். காலமெல்லாம் வண்டி தள்ளின மனிதரை யாரோ தள்ளிக்கொண்டு போனார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போடுவார்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். கதவு மூடுவதற்குள் ஆறுச்சாமி தலையைத் தூக்கினார்.

"ராக்கு, எனக்கு ஒண்ணு ஆயிட்டாலும் மிச்சத்த விட்டுராத. அஞ்சு பேருக்கும் பொதுதான் அது. ஒனக்கு முட்டிவலி இருக்குல்லா, நீ எடுத்துக்க. லாப்ஸாக்கிராத!"

கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ராக்கம்மாளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. தானாகத் திரிந்துகொண்டிருந்த மனிதரைப் பொய்யும் புளுகுமாகச் சூழ்ச்சி பண்ணி இங்கே கொண்டுவந்து தள்ளினவள் அவள். மகளை ஏவினாள், ரேஷன் கடைக்காரனை ஏவினாள். இப்போது இந்தக் கதவு திறந்து துணி போர்த்திய கட்டிலாக ஒன்று வெளியே வந்தால், கொன்றவள் அவள்தான். ஷாஜி சாயா வாங்கிவந்து கொடுத்தான். அது ஆறி ஆடை படிந்தது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். பழவங்காடிப் பிள்ளையார், பகவதி, ஊரிலிருக்கிற சுடலைமாடன், ஒருவரையும் விடவில்லை. இனி அந்த மனிதரிடம் வாழ்நாளில் ஒரு பொய் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தாள்.

கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவள் ஒரு நர்ஸ். தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்தொரு மனுஷ்யன்! தையல் போடுந்ந சமயத்தும் எத்ர ரூபா ஆயி, இனி எத்ர ரூபா பாக்கினு கேட்டுகொண்டே இருந்நு!"

பின்னாலேயே ஆறுச்சாமி வந்தார். முகத்துக்குத் துணி போர்த்தவில்லை. வெளிறிப்போயிருந்தார், வாய் உலர்ந்திருந்தது, ஆனால் கண் ராக்கம்மாளைத் தேடியது. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தாள்.

"எவ்வளவு மிச்சம்?"

அதற்கு முன்பே ஷாஜி கவுண்டரில் விசாரித்து வந்து சொல்லியிருந்தான். ஆபரேஷனுக்குக் கழித்தது போக, பாதிக்கு மேல் கார்டில் அப்படியே கிடக்கிறது. முடிய இன்னும் சில நாள்தான். உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் தையல் பிரிப்பதற்குள் இடது பக்கத்தையும் கிழிக்கச் சொல்வார். அல்லது அவள் முட்டியை உடைத்தாவது படுக்கவைப்பார். ராக்கம்மாள் சற்றுமுன் செய்த சத்தியத்தை நினைத்தாள். பழவங்காடிப் பிள்ளையாரிடம் மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டாள்.

"ஒண்ணும் மிச்சமில்ல. பூராவும் எடுத்தாச்சு" என்றாள்.

"ஒரு பைசாகூட?"

"ஒரு பைசாகூட விடலை."

ஆறுச்சாமியின் முகம் தெளிந்தது. "அந்த விஸ்வேஸ்வரன்கிட்ட சொல்லிரு" என்று முனகிவிட்டுக் குழந்தைபோல் தூங்கிப்போனார்.

அந்த வருஷத்துக் கார்டு முடிகிற அன்று ஆறுச்சாமி சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, முப்பதாயிரத்தையும் முழுதாக எடுத்த கதையை ஒச்சப்பனுக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். ராக்கம்மாள் வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தாள். அதில் இருக்கிற மிச்சத்தை எண்ணிப் பார்க்கவில்லை. தூக்குமேடை முகத்தோடு இருக்கிற அந்த போட்டோவைத் தடவினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"போ தாயே" என்று அதைப் பார்த்துச் சொன்னாள். "அப்படியே லாப்ஸாயி நல்லபடியா போ. அடுத்த வருசக் கார்டா வாறவளும் இந்த வீட்டுல ஒரு பைசா செலவில்லாம, எங்க அஞ்சு பேரையும் இப்படியே பாத்துட்டுத் திரும்பிப் போவட்டும்."